“நேத்துப் போட்டதெல்லாம் காணோம்”: ஒற்றை வரிக் கணக்குக் கருவியின் கோளாறுகள், அறிகுறி வாரியாக

மெனு கிடையாது, பத்துப் பெட்டி வைத்த படிவம் கிடையாது. ஒரே ஒரு வரிதான். ‘கொழுந்து 14 18.5’ என்று தட்டி என்டர் அடித்தால், 14-ஆம் இலக்கக்காரர் பேரில் பதினெட்டரைக் கிலோ பச்சைத் தேயிலைக் கொழுந்து ஏற வேண்டும். ‘செலவு டீசல் 4000’, ‘சந்தா 32 200’, ‘நினைவு வெள்ளி 4.30 சங்கக் கூட்டம்’ எல்லாம் இதே மாதிரிதான். சிறுதோட்டக்காரர்களிடம் கொழுந்து வாங்கி லொறியில் ஏற்றுகிறவர், மரண உதவிச் சங்கத்தின் பொருளாளர், டியூஷன் வகுப்பு நடத்துகிறவர் ஆகியோருக்கு இப்படி ஒரு கருவியைப் பைத்தன் நிரல் மொழியும், தரவையெல்லாம் ஒரே கோப்பில் வைக்கும் எஸ்க்யூலைட்டும் வைத்துச் சில நூறு வரியில் எழுதிக் கொடுத்துவிடலாம். இலங்கை மலையகத்தில், அட்டனிலோ பண்டாரவளையிலோ ஒரு டிப்ளோமா முடித்த பிள்ளைக்கு இது ஒரு கிழமை வேலை. சிக்கல் கொடுத்த பிறகுதான் தொடங்கும். வருகிற புகார்களில் பெரும்பாலானவற்றுக்குக் கணக்கு எழுதிய பகுதி காரணமாக இருக்காது. எழுத்து, கோப்பு இருக்கும் இடம், கடிகாரம், கரண்ட் ஆகிய நான்கில் ஒன்றாகத்தான் இருக்கும்.

பிழை தேடப் போவதற்கு முன் ஓர் அமைப்பு இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் கீழே சொல்வதில் பாதியைச் செய்ய முடியாது. ஆள் தட்டிய வரியைப் புரிந்துகொள்ளும் முன்பே, தட்டியபடியே, ‘வரிகள்’ என்ற அட்டவணையில் போட்டுவிட வேண்டும். அதற்கு நான்கு பத்திகள் போதும்: ஒரு தனித்த அடையாள எண், நேரம், தட்டிய வரி, நிலை. பிரித்துப் பார்த்துக் கொழுந்துக் கணக்கிலோ செலவிலோ ஏற்றுவது அதற்குப் பிறகு. புரியாத வரியை ‘புரியவில்லை’ என்ற நிலையுடன் அங்கேயே விடுங்கள், தூக்கி எறியாதீர்கள். இப்படி இருந்தால் நாளைக்குப் பிரிக்கும் விதியில் தவறு தெரிந்தாலும், திருத்திவிட்டு எல்லா வரிகளையும் மறுபடி ஓட்டிக் கணக்கைச் சரியாக்கலாம். கொழுந்து நிறுத்த ஆள் வீட்டுக்குப் போன பிறகு எடையை யாரிடமும் திரும்பக் கேட்க முடியாது.

இன்னொன்று, ‘நிலை’ என்று ஒரு கட்டளை வையுங்கள். எந்தக் கோப்பு திறந்திருக்கிறது என்பதை முழுப் பாதையோடும், அதில் எத்தனை வரிகள் உண்டு, கடைசி வரி எப்போது ஏறியது, கணினிக்கு இப்போது என்ன நேரம் என்பதையும் அது காட்ட வேண்டும். போனில் புகார் வந்தால், “நிலைன்னு தட்டி அதைப் படம் பிடிச்சு அனுப்புங்க அண்ணே” என்பதுதான் முதல் கேள்வி.

“நேத்துப் போட்டதெல்லாம் காணோம்”

பயப்படத் தேவையில்லை. அநேகமாகத் தரவு எங்கேயும் போயிருக்காது, கருவி வேறொரு கோப்பைத் திறந்திருக்கும். எஸ்க்யூலைட்டிடம் இல்லாத கோப்பின் பெயரைக் கொடுத்தால் அது முறையிடாது. சத்தமில்லாமல் ஒரு வெற்றுக் கோப்பை உண்டாக்கித் திறந்துவிடும். நிரலில் கோப்பின் பெயரை மட்டும் எழுதிவிட்டுப் பாதையை எழுதாமல் விட்டால், எந்த அடைவிலிருந்து இயக்குகிறோமோ அங்கே தேடும். டெஸ்க்டொப் ஐகானைத் தட்டினால் ஓர் இடம், விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலர் இயக்கினால் இன்னோர் இடம். ஷெட்யூலரில் ‘ஸ்டார்ட் இன்’ பெட்டியை வெறுமையாக விட்டால் விண்டோஸின் சிஸ்டம்32 அடைவுதான் நடப்பு அடைவு.

முதலில் கணினி முழுக்க அந்தக் கோப்புப் பெயரைத் தேடுங்கள். இரண்டு மூன்று அகப்படும். அளவில் பெரியதுதான் உண்மையானது. பிறகு நிரலில் பயனரின் ஹோம் அடைவிலிருந்து தொடங்கும் முழுப் பாதையைக் கொடுங்கள். திறக்கும்போது யூஆர்ஐ முறையில் ‘மோட்’ என்பதை ‘ஆர்டபிள்யூ’ (mode=rw) என்று வையுங்கள். அப்படிச் செய்தால் கோப்பு இல்லாதபோது புதிதாக உண்டாக்காமல் பிழை காட்டி நிற்கும். புதுக் கோப்பு உண்டாக்குவதை ‘தொடங்கு’ என்று தனிக் கட்டளையாக்கி, அதை நிறுவுகிற அன்று ஒருமுறை மட்டும் ஓட்டுங்கள்.

பாதை சரியாக இருந்தும் கடைசி ஒரு நாள், இரண்டு நாள் மட்டும் குறைந்தால், பென் டிரைவில் எடுத்த பிரதியை யாரோ திரும்பப் போட்டிருப்பார்கள். எஸ்க்யூலைட்டை வால் (WAL) முறையில் ஓட்டினால் புதிய பதிவுகள் முதலில் பக்கத்தில் உள்ள, ‘-வால்’ (-wal) என்று முடியும் துணைக் கோப்பில்தான் சேரும். முதன்மைக் கோப்பை மட்டும் இழுத்துப் பென் டிரைவில் போட்டால் அவை வராது. பிரதி எடுப்பதைப் பயனரின் கையில் விடாதீர்கள். ‘பிரதி’ என்ற கட்டளை எஸ்க்யூலைட்டின் ‘வெக்யூம் இன்டு’ வழியாக முழுமையான ஒற்றைக் கோப்பு ஒன்றை, பெயரில் தேதியுடன் எழுதட்டும். 2019-இல் வந்த 3.27 பதிப்பு முதல் இந்த வசதி உண்டு. நடப்புக் கோப்பை ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் போன்ற ஒத்திசைவு அடைவுக்குள் வைக்கவே கூடாது. எழுதிக்கொண்டிருக்கும் கோப்பைப் பாதியில் பிடித்து ஏற்றிவிடும். பிரதிகளைத் தாராளமாக அங்கே வைக்கலாம்.

“கௌரி அக்கா பேரைத் தேடினா இல்லேங்குது”

இங்கேதான் நேரம் அதிகம் போகும். திரையில் இரண்டு பெயரும் அச்சு அசல் ஒன்றாகத் தெரியும், கணினிக்கோ இரண்டும் வேறு. ‘உள்ளே’ என்று ஒரு கட்டளை எழுதி, கொடுத்த சொல்லின் ஒவ்வொரு குறியீட்டையும் பதின்ம எண்ணாக அச்சிடுங்கள். ‘கௌரி’ என்ற பெயர் ஒரே சங்கத்தின் பட்டியலில் இப்படியெல்லாம் இருக்கும்:

2965 3020 2992 3007 என்பது ஒழுங்கான வடிவம். 2965 3014 3031 2992 3007 என்பதில் ஔகாரக் குறி இரண்டு துண்டாக இருக்கிறது. 2965 3014 2995 2992 3007 என்பது கொம்பு போட்டு, பக்கத்தில் ளகரத்தைத் தட்டியது. 2965 3020 3006 3007 என்பதில் ரகரத்துக்குப் பதிலாகக் கால் நிற்கிறது.

கடைசி வகை நம் ஊரில் ஏராளம். பழைய சங்கப் பட்டியல்கள் எல்லாம் பாமினி எழுத்துருவில் அடித்தவை. அந்த எழுத்துருவில் ‘ரி’, ‘ர்’ இரண்டுக்கும் காலின் விசையையே அழுத்துவார்கள். அதை ஏனோதானோவென்று யூனிகோடுக்கு மாற்றினால் கால் காலாகவே வந்துவிடும், பார்வைக்கும் வித்தியாசம் தெரியாது. மாற்றாமலே ஒட்டினால் கதை வேறு. ‘தமிழ்’ என்று தெரிந்ததெல்லாம் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து ஆங்கிலக் குறிகளாக உள்ளே போகும். தமிழ்ப் பெயர் வரவேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து வந்தால், பாமினியா என்று கேட்டு நிறுத்துங்கள்.

தட்டிய பெயரை மாற்ற வேண்டாம், அது அவர்களுடைய பெயர். பக்கத்திலே ‘தேடுசாவி’ என்று இன்னொரு பத்தி வைத்து, தேடுவதையும் பொருத்துவதையும் அதில் செய்யுங்கள். சாவி செய்யும் வரிசை முக்கியம்:

முதலில் கண்ணுக்குத் தெரியாதவற்றை நீக்குங்கள்: 8203, 8204, 8205, 65279. எண் 160 வந்தால் சாதாரண இடைவெளியாக்குங்கள். இவை வாட்ஸ்அப்பிலிருந்தும் வலைப்பக்கங்களிலிருந்தும் ஒட்டும்போது ஒட்டிக்கொண்டு வருபவை. அடுத்து, கூட்டுக் குறிகளைத் துண்டாக்கும் என்.எஃப்.டி என்ற யூனிகோடு வடிவுக்கு மாற்றி ஒகர, ஓகாரக் குறிகளைப் பிரியுங்கள். பிறகு, காலுக்கு (3006) அடுத்தபடி இகரக் குறியோ ஈகாரக் குறியோ புள்ளியோ வந்தால் அந்தக் காலை ரகரமாக்குங்கள். தமிழில் காலுக்குப் பின் இன்னொரு குறி வர வழியே இல்லை என்பதால் இது ஆபத்தில்லாத மாற்றம். அதற்கப்புறம்தான், துண்டுகளை மறுபடி சேர்க்கும் என்.எஃப்.சி வடிவம். இதை முதலில் செய்தால் ‘பெரியசாமி’ மாட்டிக்கொள்வார்: கொம்பும் தவறான காலும் ஒன்றுசேர்ந்து ‘பொ’ ஆகி, மேலே ஒரு விசிறியும் நிற்கும்.

இனி ஔகாரம். என்.எஃப்.சி செய்தாலும் கொம்பும் ளகரமும் சேர்ந்து ஔகாரமாகாது, யூனிகோடைப் பொறுத்தவரை அவை இரண்டு எழுத்து. ‘கெள’ என்று வந்ததையெல்லாம் ‘கௌ’ ஆக்கலாமா என்றால், ‘தெளிவு’, ‘வெளக்கு’ எல்லாம் கெட்டுப்போகும். ஆகவே தலைகீழாகப் போங்கள்: சாவியில் மட்டும் 3020-ஐக் கொம்பு, ளகரம் என்று உடைத்துவிடுங்கள். சரியாகத் தட்டியவரும் தவறாகத் தட்டியவரும் ஒரே சாவிக்கு வந்து சேர்வார்கள். ஸ்ரீதரனுக்கும் இதே வைத்தியம்தான். ‘ஸ்ரீ’ 3000-இலும் தொடங்கலாம், 2998-இலும் தொடங்கலாம், சாவியில் இரண்டையும் 3000 ஆக்குங்கள்.

இவ்வளவு செய்தும் லெட்சுமி, லட்சுமி, லெச்சுமி மூவரும் ஒருவரா என்று எந்த விதியாலும் சொல்ல முடியாது. ஒரே லயத்தில் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசையில்) ஒரே பெயரில் இருவர் இருப்பதும் சாதாரணம். பெயரை வைத்துக் கணக்கு ஏற்றாமல் ஆளுக்கோர் இலக்கம் கொடுங்கள். தட்டுகிறவருக்கும் ‘14’ சுலபம். பெயரைத் தட்டினால், பொருந்துகிற எல்லாரையும் இலக்கத்தோடு காட்டிக் கேளுங்கள். “ராணிக்கு”, “ராணியிடம்” என்று வேற்றுமை உருபோடு தட்டுவார்கள். தட்டிய சொல் பட்டியலில் உள்ள ஒரு பெயரில் தொடங்கினாலும் அந்தப் பெயரைக் காட்டினால் போதும், இலக்கணம் முழுவதையும் நிரலாக்கப் போகாதீர்கள்.

பட்டியல் அகர வரிசையில் வரவில்லை என்ற முறைப்பாடும் இதன் தம்பிதான். குறியீட்டு வரிசையில் னகரம் பகரத்துக்கு முன்னாலும், ளகரம் ழகரத்துக்கு முன்னாலும் நிற்கிறது. புள்ளி வைத்த எழுத்து உயிர்மெய்க்குப் பின்னால் போகிறது. பள்ளிக்கூடத்தில் படித்த வரிசையை 18 மெய்யுக்கும் எழுதிவைத்து அதன்படி அடுக்க வேண்டும். இலக்க வரிசையில் அடுக்கினால் இந்த வேலையே மிச்சம்.

“சரியாத்தான் தட்டுறேன், புரியல்லேங்குது”

எல்லாக் கட்டளைக்கும் இப்படி வந்தால் தவறு உங்கள் நிரலில். பைத்தனின் வழக்கமான ரெகுலர் எக்ஸ்பிரஷனில் ‘சொல் எழுத்து’ என்ற குறி தமிழ் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாக ஏற்காது. அதை வைத்து ‘கொழுந்து’ என்பதைப் பிரித்தால் க, ழ, ந, த என்று நான்கு ஒற்றை எழுத்து கையில் வரும். சொல் எழுத்துத்தானா என்று பார்க்கும் ‘இஸ்அல்ஃபா’வும் அந்தச் சொல்லுக்கு இல்லை என்றே சொல்லும். இடைவெளியில் மட்டும் பிரியுங்கள். இன்னும் நுணுக்கம் தேவையென்றால் ‘ரெஜெக்ஸ்’ என்ற தனித் தொகுதியை நிறுவினால் அது குறிகளையும் சேர்த்தே எடுக்கும்.

ஒரு சிலருக்கு மட்டும் வந்தால் பேச்சுவழக்கைப் பாருங்கள். ‘செலவு’ என்று நீங்கள் வைத்திருப்பீர்கள், அவர் ‘சிலவு’ என்றுதான் எழுதுவார். ‘நாளை’க்கு ‘நாளைக்கு’, ‘மாலை’க்குப் ‘பின்னேரம்’. ‘புரியவில்லை’ நிலையில் கிடக்கும் வரிகளைக் கிழமைக்கொருமுறை எடுத்துப் பார்த்து மாற்றுச்சொல் பட்டியலில் சேர்த்துக்கொண்டே வாருங்கள். சில கிழமைகளில் அந்தக் குவியல் தானாகச் சுருங்கும். மாற்றுச்சொல்லை நிரலுக்குள் எழுதாமல் தனி அட்டவணையில் வைத்தால், “சிலவு என்றால் செலவு” என்று பயனரே சேர்த்துக்கொள்ள ஒரு கட்டளை கொடுத்துவிடலாம்.

கறுப்புத் திரையில் கட்டளையோடு சேர்த்தே வரியைத் தட்டவிட்டால் வேறு தொல்லை. ‘செலவு பாண் & பருப்பு 350’ என்று தட்டினால் விண்டோஸ் அந்த & குறியில் வரியை வெட்டி, ‘பருப்பு’ என்றொரு நிரலைத் தேடும். > குறி போட்டால் அந்தப் பெயரில் ஒரு கோப்பு முளைக்கும். லினக்ஸிலும், ஆண்ட்ராய்ட் போனில் அதே மாதிரிக் கட்டளைத் திரை தரும் டெர்மக்ஸிலும் இடைவெளிக்குப் பின் # போட்டால் அதற்கப்புறம் உள்ளதெல்லாம் குறிப்பு என்று கழிந்துபோகும், உறுப்பினர் இலக்கம் உட்பட. கருவியை முதலில் திறந்து, அதன் சொந்தக் கேட்புக் குறியில் வரியை வாங்குங்கள். அங்கே எந்தக் குறிக்கும் தனி அர்த்தம் இல்லை.

“தமிழ் சரியாத் தெரியல்ல”

எப்படித் தெரியவில்லை என்று கேளுங்கள். மூன்று விதம் உண்டு, மூன்றுக்கும் மருந்து வேறு.

கட்டம் கட்டமாக வந்தால் தரவு பத்திரம், எழுத்துருதான் இல்லை. விண்டோஸின் பழைய கறுப்புத் திரையில் தமிழ் ஒழுங்காக வராது. கோட் பேஜை 65001-க்கு மாற்றினாலும் கொம்பு இடம் மாறித்தான் நிற்கும். விண்டோஸ் டெர்மினல் பரவாயில்லை, அதிலும் எழுத்துகள் நெருங்கியும் விலகியும் வரும். எங்கள் கருத்து: சாதாரணப் பயனருக்குக் கறுப்புத் திரையைக் கொடுக்கவே வேண்டாம். அதே கணினியில் ஓடும் சிறிய வலைப்பக்கத்தில் ஒரு தட்டும் பெட்டி, கீழே கடைசிப் பத்து வரி. ஒற்றை வரியின் வேகம் அப்படியே இருக்கும், தமிழைக் காட்டும் வேலையை பிரவுசர் பார்த்துக்கொள்ளும்.

சிறிய ‘ஏ’ எழுத்தின் தலையில் ஒரு சாய்கோடு, அடுத்து வட்டத்துக்குள் ‘ஆர்’ என்று மாறி மாறி வந்தால், யூ.டி.எஃப்-8 கோப்பை வேறு குறியாக்கமாக நினைத்துத் திறந்திருக்கிறார்கள். எக்செல்லில் சி.எஸ்.வி திறக்கும்போது தினமும் நடப்பது இது. கோப்பை ‘யூ.டி.எஃப்-8-சிக்’ என்ற குறியாக்கத்தில் எழுதினால் எக்செல் புரிந்துகொள்ளும். அதே கோப்பைத் திரும்ப வாசிக்கும்போதும் அதையே கொடுங்கள், இல்லாவிட்டால் முதல் பத்தியின் தலைப்பில் 65279 ஒட்டிக்கொண்டு ‘இலக்கம்’ என்ற பத்தியே இல்லை என்று சொல்லும். எக்செல்லில் திறந்து சேமித்த கோப்பில் 077-இல் தொடங்கும் போன் எண் 77 ஆகியிருக்கும், 12 இலக்க அடையாள அட்டை எண் ஈ போட்ட அறிவியல் வடிவில் சுருங்கித் தெரியும். அந்தப் பத்திகளை டெக்ஸ்ட் என்று குறித்துத்தான் உள்ளிழுக்க வேண்டும்.

கேள்விக்குறியாகவே வந்தால் கெட்டது. ஆன்சி முறையில் சேமித்து எழுத்து அழிந்துவிட்டது, அந்தக் கோப்பிலிருந்து மீட்க முடியாது. ‘வரிகள்’ அட்டவணையிலிருந்து மறுபடி எடுங்கள். பைத்தன் ‘சார்மேப்’ என்று சொல்லி நின்றால் அது இதே தவறைச் செய்ய மறுக்கிறது என்று பொருள். கோப்பைத் திறக்கும் ஒவ்வோர் இடத்திலும் யூ.டி.எஃப்-8 என்று வெளிப்படையாக எழுதுங்கள்.

ரசீது அச்சிடும் 58 மில்லிமீட்டர் தெர்மல் பிரிண்டர் தமிழ் எழுத்தை அறியாது, படமாக்கி அனுப்ப வேண்டும். அகலம் 384 புள்ளி. பில்லோ என்ற பைத்தன் படத் தொகுதியில் வரைந்தால் ‘கெ’ என்பதில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அதைச் சரியாக அடுக்க ‘ராக்ம்’ என்ற அமைப்பு இயங்க வேண்டும். பில்லோவின் ‘ஃபீச்சர்ஸ்’ பகுதியில் அது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். விண்டோஸில் இல்லை என்று வந்தால் ஃப்ரிபிடியின் டி.எல்.எல் கோப்புதான் குறைகிறது.

பத்திகள் நேராக நிற்கவில்லை என்றால்: ‘கொழுந்து’ நமக்கு நாலெழுத்து, பைத்தனுக்கு எட்டுக் குறியீடு. இடைவெளி நிரப்பி நேராக்கப் பார்த்தால் ஒவ்வொரு வரியும் ஒவ்வொரு பக்கம் சாயும். எண்களை இடப்பக்கம் அடுக்கிப் பெயரைக் கடைசியில் போடுங்கள், தீர்ந்தது.

“கிலோ தப்பா ஏறுது”

புள்ளி விட்டுப்போய் 18.5 என்பது 185 ஆவது ஒன்று. ஒரு தடவை நிறுப்பதற்கு ஒரு மேல் எல்லையைப் பயனரிடமே கேட்டு வைத்து, தாண்டினால் “185 கிலோவா?” என்று கேளுங்கள். மறுக்காதீர்கள். சில நாள் உண்மையாகவே இருக்கும்.

18.50 என்று ஒருவர் தட்டுவது பதினெட்டரைக் கிலோவா, 18 கிலோ 50 கிராமா என்பது நிரலுக்குத் தெரியாது. ஏற்றியதும் “14 ராணி: 18 கிலோ 500 கிராம்” என்று விரித்துக் காட்டுங்கள், தட்டியவர் கண் பிடித்துவிடும். ‘18கிலோ’ என்று ஒட்டியும், ‘18,5’ என்று காற்புள்ளியோடும் வரும். இரண்டையும் ஏற்கலாம். ஆனால் ‘1,850’ ஆயிரத்துக்கும் வருமென்பதால், காற்புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம் இருந்தால் கேட்டுவிடுங்கள்.

மாதக் கடைசியில் சதக் கணக்கு இடித்தால் மிதவைப் புள்ளி எண்தான் குற்றவாளி. கணினியில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும். எடையைக் கிராமாகவும் பணத்தைச் சதமாகவும் முழு எண்ணில் வையுங்கள். ஈரத்துக்கும் சாக்குக்கும் கழிவு போடுவதென்றால், நிறுத்த எடையையும் கழிவையும் தனித்தனிப் பத்தியில் வைக்க வேண்டும். கழித்த எடையை மட்டும் வைத்துக்கொண்டால் சண்டை வரும் நாளில் காட்ட எதுவும் இருக்காது. பைத்தனின் ‘ரவுண்ட்’ 2.5-ஐ 2 ஆக்கும், கடைக்காரர் 3 ஆக்குவார். எந்த முறை என்று கேட்டு எழுதுங்கள்.

“நினைவு அடிக்கல்ல”, “தேதி எங்கேயோ போகுது”

கரண்ட் இல்லாத நேரத்தில் மட்டும் மடிக்கணினி நினைவூட்டவில்லையா? டாஸ்க் ஷெட்யூலரின் நிபந்தனைகள் பக்கத்தில், மின்சாரத்தில் ஓடும்போது மட்டும் தொடங்கு என்ற பெட்டி இயல்பாகவே சரி போட்டிருக்கும். எடுத்துவிடுங்கள். அமைப்புகள் பக்கத்தில், தவறிய வேலையை முடிந்தவரை விரைவில் ஓட்டு என்பது இயல்பாகச் சரி போடாமல் இருக்கும், அதைப் போடுங்கள். போனில் டெர்மக்ஸ் வழி ஓட்டினால், வேலைகளை 15 நிமிடத்துக்குக் குறைந்த இடைவெளியில் ஆண்ட்ராய்ட் திரும்ப ஓட்டாது. பேட்டரிச் சிக்கனத்திலிருந்தும் விலக்களிக்க வேண்டும்.

‘4.30’ என்று புள்ளி வைத்து நேரம் எழுதுவது நம் வழக்கம். ‘நினைவு’ கட்டளைக்குள் அது நேரம், மற்றவற்றில் எண். காலையா பின்னேரமா என்று சொல்லாவிட்டால், அடுத்து வருவது எதுவோ அதை எடுத்துக்கொண்டு, எடுத்ததைக் காட்டுங்கள். ‘அடுத்த போயா’ (பௌர்ணமி விடுமுறை) என்று ஒருவர் நிச்சயம் தட்டுவார். அதைச் சூத்திரத்தால் கணிக்கப் போகாமல், ஆண்டுதோறும் அரசு வெளியிடும் விடுமுறைப் பட்டியலை ஓர் அட்டவணையில் போட்டுவிடுங்கள்.

நேரம் சரியாக அரை மணி தள்ளி நின்றால் நேர வலயத்தைப் பாருங்கள். கிரீனிச் நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னால் இருந்த இலங்கை நேரம் 1996-இல் ஆறரை மணிக்கும், அதே ஆண்டு ஆறு மணிக்கும் மாறி, 2006 ஏப்ரலில் ஐந்தரைக்குத் திரும்பியது. பழைய கணினிகளில் ஆறு மணி என்ற அமைப்பு இன்னும் கிடக்கும். விண்டோஸ் பட்டியலில் ‘ஸ்ரீ ஜயவர்தனபுர’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். பைத்தனில் ‘ஆசியா/கொலம்போ’ இல்லை என்று வந்தால் ‘டிஇசட்டேட்டா’ தொகுதியை நிறுவுங்கள், விண்டோஸில் அது தனியாகத்தான் வரும்.

தேதியே பல வருடம் பின்னால் போயிருந்தால் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி செத்துவிட்டது. 3 வோல்ட் காசு பேட்டரி, எந்த மணிக்கூட்டுக் கடையிலும் கிடைக்கும். நிரலிலும் ஒரு தடுப்பு போடுங்கள்: கணினி நேரம் கடைசிப் பதிவின் நேரத்துக்கு முன்னால் இருந்தால், வரியை ஏற்றுக்கொண்டு தேதியைக் கேளுங்கள்.

“கரண்ட் போய் வந்தப்புறம் திறக்கல்ல”

இடி மின்னல் காலத்தில் பேட்டரி செத்த மடிக்கணினிகள் படும் பாடு இது. ஜேசான் கோப்பில் சேமித்தால், எழுதும் நடுவில் கரண்ட் போகும்போது பாதிக் கோப்போ வெற்றுக் கோப்போதான் மிஞ்சும். ஜேசானை விட்டு எஸ்க்யூலைட்டுக்கு மாறுவதே தீர்வு. அமைப்புக் கோப்பு போன்றவற்றைத் தற்காலிகப் பெயரில் முழுதாக எழுதி, வட்டில் எழுதி முடிக்க வைக்கும் ‘எஃப்சிங்க்’ செய்து, பிறகு பெயரை மாற்றுங்கள்.

எஸ்க்யூலைட்டின் ‘சிங்க்ரனஸ்’ அமைப்பை ‘ஃபுல்’ என்றே விடுங்கள். வேகத்துக்காக ‘நோர்மல்’ ஆக்கினால் வால் முறையில் கோப்பு கெடாது, ஆனால் கடைசிச் சில பதிவுகள் போகலாம். மனிதர் கையால் தட்டும் வேகத்துக்கு அந்த மிச்சம் தேவையில்லை. கோப்பு கெட்டதா என்று அறிய ‘இன்டெக்ரிட்டி செக்’ ஓட்டுங்கள், ‘ஓகே’ என்ற ஒரே சொல் வர வேண்டும். வேறெது வந்தாலும் முதலில் துணைக் கோப்புகள் உட்பட முழு அடைவையும் பிரதி எடுத்துவிட்டு, பிரதியின் மேல் ‘ரெக்கவர்’ கட்டளையை ஓட்டுங்கள். துணைக் கோப்பு குப்பை என்று நினைத்து அழிக்க வேண்டாம்.

‘டேட்டாபேஸ் இஸ் லொக்ட்’ என்று வந்தால் கோப்பு கெடவில்லை, கருவி இரண்டு தடவை திறந்திருக்கிறது. பைத்தன் 5 விநாடி பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் இதைச் சொல்லும். ஆகவே எங்கோ ஒரு மாற்றம் ‘கொமிட்’ செய்யாமல் தொங்குகிறது என்றும் பொருள்.

“ஒரே கொழுந்து ரெண்டு தடவை ஏறுது”

போனில் தட்டியதை வீட்டுக் கணினிக்கு அனுப்பும் அமைப்பில், பள்ளத்து லயங்களில் சிக்னல் அறுந்து அறுந்து வரும்போது இது நடக்கும். வரி போய்ச் சேர்ந்திருக்கும், சேர்ந்தது என்ற பதில் திரும்பி வந்திருக்காது. போன் மறுபடி அனுப்பும். அடையாள எண்ணைப் போய்ச் சேரும் இடத்தில் உண்டாக்காமல், என்டர் அடித்த நொடியில் போனிலேயே யூ.யூ.ஐ.டி-யாக (இன்னொன்றோடு மோதாத நீண்ட எண்ணாக) உண்டாக்குங்கள். வாங்கும் பக்கம் அந்த எண்ணைத் தனித்ததாகக் குறித்து, மறுபடி வந்தால் புறக்கணித்து, ‘கிடைத்தது’ என்று மட்டும் சொல்லட்டும். ஆள், எடை, நேரம் மூன்றும் ஒன்றானால் இரட்டைப் பதிவு என்று விதி எழுதாதீர்கள். ஒரே ஆள் அடுத்தடுத்து ஒரே எடையில் இரண்டு சாக்கு நிறுப்பது நடக்கும்.

ரசீதை எஸ்.எம்.எஸ்ஸாக அனுப்பினால் செலவு ஏன் மூன்று மடங்கு என்ற கேள்வியும் கூடவே வரும். தமிழில் ஒரு செய்திக்கு 70 குறியீடுதான், நீண்டால் துண்டுக்கு 67. ‘கொழுந்து’ என்ற சொல் மட்டும் எட்டைத் தின்னும்.

“திறக்க நேரம் எடுக்குது”, “வைரஸ்ங்குது”, “டி.எல்.எல் இல்லேங்குது”

பைத்தன் நிரலைத் தனி விண்டோஸ் செயலியாகக் கட்டும் பைஇன்ஸ்டாலரில் ஒற்றைக் கோப்பாகக் கட்டினால், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் எல்லாவற்றையும் தற்காலிக அடைவில் விரித்துவிட்டுத்தான் தொடங்கும். பழைய ஹார்ட் டிஸ்க்கில் அது தெரியும். வைரஸ் தடுப்பும் அந்த ஒற்றைக் கோப்பைத்தான் சந்தேகிக்கும். அடைவாகக் கட்டிக் குறுக்குவழி ஐகான் போடுங்கள், இரண்டும் பெரும்பாலும் அடங்கும்.

டி.எல்.எல் இல்லை என்ற செய்தி இரண்டாங்கைக் கணினிகளில் வரும். விண்டோஸ் 7-இல் ஓடும் கடைசிப் பைத்தன் 3.8. அதிலே கட்டிக் கொடுக்க வேண்டும், கணினி 32 பிட் என்றால் 32 பிட் பைத்தனில். 3.8-இல் நேர வலயத் தொகுதி கிடையாது, அது 3.9-இல்தான் வந்தது. இலங்கையில் கோடைகால நேர மாற்றம் இல்லாததால், 5 மணி 30 நிமிடம் என்று நிலையாகவே எழுதிவிடலாம்.